குழந்தையின் எக்ஸிமாவுக்கு இயற்கையான நிவாரணம்: படிப்படியான முழு வழிகாட்டி

கன்னம் சிவந்திருக்கும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். தூக்கி வைத்திருப்பவரின் தோளில் குழந்தை முகத்தை அழுத்தி அழுத்தித் தேய்க்கும். கையால் சொறியத் தெரியாத வயதில் அரிப்பைத் தணித்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அதுதான். படுக்க வைத்தால் தலையை இடமும் வலமும் உருட்டும், ஒரு காலால் இன்னொரு காலை உரசும், தூங்கிய அரை மணி நேரத்தில் சிணுங்கி எழுந்துவிடும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது.

அழற்சியை அடக்க மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு என்ற மருந்தின் பெயரைக் கேட்டதுமே பயம் வருகிறது. அதனால் மூலிகை, எண்ணெய், இலைச்சாறு என்று தேடத் தொடங்குகிறோம். அவற்றில் உண்மையிலேயே உதவுபவை சில உண்டு. தீங்கு செய்பவையும் உண்டு. இரண்டையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் எதைத் தடவுவது என்பதைவிட, குளிப்பாட்டுவதையும் ஈரம் காக்கும் பூச்சைப் பூசுவதையும் தினமும் ஒரே ஒழுங்கில் செய்வதே குழந்தைக்குப் பெரிய நிவாரணம் தருகிறது. அந்த ஒழுங்கு அமைந்தால் மற்றவை துணைக்கு வரும். அமையாவிட்டால் எவ்வளவு நல்ல எண்ணெயும் பலன் தராது.

தோலில் என்ன கோளாறு?

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக எண்ணிப் பாருங்கள். செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு இந்தச் சாந்து பிறவியிலேயே குறைவு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடுகிறது. வெளியிலிருக்கும் சோப்பு, தூசி, கிருமி உள்ளே நுழைந்துவிடுகின்றன. உடலின் எதிர்ப்பு சக்தி அவற்றோடு மோதுவதால்தான் சிவப்பும் அரிப்பும் உண்டாகின்றன. சொறிந்தால் சுவர் இன்னும் சிதைகிறது, அதனால் அரிப்பு மேலும் கூடுகிறது.

இந்தச் சுவரைக் கட்டுவதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதற்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அயர்லாந்து மருத்துவர்களும் சேர்ந்து நிறுவினார்கள். ஆகவே அம்மா எதையோ சாப்பிட்டதாலோ, வீட்டில் சுத்தம் குறைந்ததாலோ இது வரவில்லை. தொற்றவும் தொற்றாது. ஆஸ்துமா, ஒவ்வாமைத் தும்மல், எக்ஸிமா ஆகியவற்றில் ஏதாவது குடும்பத்தில் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்த முதல் ஆண்டிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொடங்குகிறது; வளர வளரப் பலருக்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கரப்பான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் பல நேரங்களில் இதைத்தான்.

படி 1: எக்ஸிமாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் வரும். டயப்பர் கட்டும் பகுதி ஈரமாகவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். இது நல்ல அடையாளம். நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், மணிக்கட்டு, கணுக்கால் என்று இடம் மாறும்.

நம்மைப் போன்ற பழுப்பு நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஊதாவாகவோ, சாம்பல் பூத்தது போலவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ தெரியும். சில குழந்தைகளுக்கு மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாக எழும்பும். கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பும் சூடும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றுபோலவே தோன்றும் வேறு சில தொல்லைகளும் உண்டு. தலையில் எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் செதில் படிந்து, அரிப்பு அதிகம் இல்லை என்றால் அது பெரும்பாலும் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் தலைச் செதில், தானாகவே சரியாகும். கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாக வந்து, காற்றாடினால் மறைவது வியர்க்குரு. வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் தடித்திருப்பது படர்தாமரை. உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளங்கள் இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் சொறி சிரங்காக இருக்கலாம். அது பரவக்கூடியது, அதற்குத் தனி மருந்து வேண்டும். முதல் முறையாக வரும்போது ஒரு முறை மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

கீழே சொல்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

- ஒரே அளவுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுவது, அல்லது துளையிட்டது போன்ற வட்டப் புண்கள், கூடவே காய்ச்சல், சோர்வு. இது ஹெர்பிஸ் வைரஸ் எக்ஸிமாவின் மேல் பரவியதாக இருக்கலாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வந்தால் இன்னும் அவசரம்.
- தேன் நிறத்தில் பொருக்கு, நீர் அல்லது சீழ் வடிதல், தோல் கொதித்து வலித்தல்.
- உடல் முழுவதும் சிவந்து செதில் உதிர்வது.
- குழந்தை பால் குடிக்க மறுப்பது, எடை ஏறாதது.

இதை ஒட்டி இன்னொன்று. உதட்டில் காய்ச்சல் கொப்புளம் வந்திருப்பவர் யாராக இருந்தாலும் எக்ஸிமா உள்ள குழந்தையை முத்தமிடக் கூடாது. மேலே சொன்ன வைரஸ் அங்கிருந்துதான் வருகிறது. உறவினர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

படி 2: குளியலை மாற்றுங்கள்

தினமும் குளிப்பாட்டலாமா என்ற கேள்விக்கு விடை: குளியல் முடிந்த உடனேயே பூசுவதாக இருந்தால் தாராளமாகக் குளிப்பாட்டலாம். பூசாமல் விட்டால்தான் குளியல் தோலை உலர்த்தும்.

தண்ணீர் 36, 37 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சூடான தண்ணீர் அந்த நேரத்துக்கு அரிப்பை அமுக்குவது போலத் தோன்றினாலும் பிறகு அரிப்பைக் கூட்டிவிடும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளியலை முடித்துவிடுங்கள்.

சோப்பை முழுவதுமாக விட்டுவிடுங்கள். குழந்தையின் தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது; அமிலமா காரமா என்று காட்டும் அளவான பிஹெச் அதில் 5-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. சாதாரண சோப்பின் பிஹெச் 9, 10 என்று இருக்கும். மிச்சமிருக்கும் சாந்தையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். "இயற்கைச் சோப்பு", "கையால் செய்த மூலிகைச் சோப்பு" என்று விற்பவையும் காரத்தில் செய்யப்பட்ட சோப்புகள்தான்; இந்த விஷயத்தில் விதிவிலக்கு கிடையாது. அழுக்கான இடங்களுக்கு மட்டும் நறுமணம் சேர்க்காத, சோப்பு அல்லாத கிளென்சரைக் கொஞ்சம் பயன்படுத்தலாம். நுரை அதிகம் வரும் குளியல் திரவங்கள் வேண்டாம். மாவு வகைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். உராய்வு ஒருபுறம், ஒவ்வாமை ஆபத்து மறுபுறம். அந்த ஒவ்வாமை எப்படி வருகிறது என்பதை எண்ணெய்களைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

குளிக்கும் தண்ணீரில் கலக்கும் ஈரப்பத எண்ணெய்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 1 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு இவற்றைச் சேர்த்தவர்களுக்குச் சொல்லும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியும் அப்படித்தான். 2011-இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, அதனால் எக்ஸிமா குறையவில்லை என்று காட்டியது.

குளியலில் சேர்க்கத் தகுந்தது என்று நான் துணிந்து சொல்வது ஓட்ஸ் ஒன்றைத்தான். நன்றாக நுணுக்கிய ஓட்ஸைத் தோலைப் பாதுகாக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல் அங்கீகரித்தது. ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடு என்ற பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன. அதன் மாவுச்சத்து தோலின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது.

செய்யும் முறை: சர்க்கரையோ சுவையோ சேர்க்காத, வேகவைக்காத ஓட்ஸை மிக்ஸியில் போட்டு, விரலில் எடுத்தால் டால்கம் பவுடர் போல ஒட்டும்வரை அரையுங்கள். ஒரு கரண்டியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால்போல் வெளுத்து, தொட்டால் வழுக்க வேண்டும். அடியில் தவிடாகப் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். குழந்தையின் சிறிய தொட்டிக்கு கால் முதல் மூன்றில் ஒரு பங்கு கப் பொடி போதும். தொட்டியும் குழந்தையும் நன்றாக வழுக்கும்; அடியில் ஒரு துண்டை விரித்து, ஒரு கையைக் குழந்தையிடமிருந்து எடுக்காமல் குளிப்பாட்டுங்கள். எக்ஸிமா உள்ள சில குழந்தைகளுக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே முதலில் கையில் ஓரிடத்தில் மட்டும் தடவிப் பார்த்த பிறகே தொட்டியில் கலக்குங்கள்.

படி 3: மூன்று நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்று யாராவது சொன்னால் இந்தப் படியைத்தான் காட்டுவேன்.

குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் இலேசாக ஈரமாக இருக்கும்போதே, சுமார் மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காக்கும் பூச்சான மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். எக்ஸிமா தெரியும் இடத்தில் மட்டும் பூசுவது பொதுவாக நடக்கும் தவறு. நலமாகத் தெரியும் தோலிலும் அதே குறைதான் இருக்கிறது. அதனால் உடல் முழுவதும் பூச வேண்டும். குளியலை ஒட்டி ஒரு முறை, அது தவிர இன்னொரு முறை என்று நாளுக்குக் குறைந்தது இரண்டு முறை; கன்னத்துக்கும் வாயைச் சுற்றிலும் இன்னும் அதிக முறை.

அளவு? பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். கைக்குழந்தைக்கே வாரத்துக்கு 100 கிராம் அளவில் செலவாக வேண்டும். 50 கிராம் டப்பா மாதக்கணக்கில் வருகிறது என்றால் போதிய அளவு பூசவில்லை என்று பொருள். இரு உள்ளங்கைகளிலும் பரப்பி, மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மயிர்க்கால் அடைபட்டுக் கொப்புளம் வரும். பூசிய பிறகு தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். மேலே நிற்பதைத் தேய்த்து உள்ளே இறக்கப் பார்க்க வேண்டாம்.

எதை வாங்குவது என்றால், லோஷனில் தண்ணீர் அதிகம், காப்பு குறைவு. க்ரீம் நடுத்தரம். ஆயின்ட்மென்ட்தான் மிகவும் காக்கும்; எரிச்சலும் குறைவாகத் தரும், ஆனால் பிசுபிசுக்கும். வெயில் காலத்தில் பகலில் க்ரீம், இரவில் ஆயின்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமான வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி இயற்கையானதா என்று பலர் தயங்குகிறார்கள். அது பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் நறுமணம், பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாத, ஒவ்வாமை ஏற்படுத்துவது மிக அரிதான, விலை மலிவான ஒரு பூச்சு அதைப்போல் இன்னொன்று இல்லை. பத்து மூலிகைகளின் சாறு சேர்ந்த க்ரீமைவிட அதைத்தான் நான் நம்புகிறேன். மூலிகை ஒவ்வொன்றும் ஒவ்வாமைக்கு இன்னொரு வாய்ப்பு.

லேபிளில் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். 'அன்சென்டட்' என்றிருந்தால் வாசனையை மறைக்க வேறு வாசனை சேர்த்திருக்கக்கூடும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். இல்லாவிட்டால் கிருமி டப்பாவிலேயே குடியேறிவிடும். இன்னொரு எச்சரிக்கை: இந்தப் பூச்சுகள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிய குழந்தையை அடுப்பு, விளக்கு, புகைபிடிப்பவர் அருகே கொண்டுபோக வேண்டாம்.

படி 4: எண்ணெய்களும் பிற இயற்கைப் பொருள்களும்

எதையும் தடவும் முன் சோதனை அவசியம். முன்கையின் உட்புறத்தில் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் மற்ற இடங்களுக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருள்தான். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

தேங்காய் எண்ணெய். வறுக்காமல், சூடாக்காமல் எடுத்த சுத்தமான தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் லேசானது முதல் நடுத்தரம் வரையான எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெய் பூசியவர்களைவிடத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்குத் தோல் நன்றாகத் தேறியது. அதிலுள்ள லாரிக் அமிலம், எக்ஸிமாத் தோலில் குடியேறும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியையும் கட்டுப்படுத்துகிறது. எண்ணெயில் தண்ணீர் இல்லை என்பதால் உலர்ந்த தோலில் தடவிப் பயனில்லை. குளித்த ஈரத்தின் மேல்தான் தடவ வேண்டும். வெடித்து நீர் வடியும் இடத்தில் வேண்டாம்.

சூரியகாந்தி எண்ணெய். லினோலிக் அமிலம் நிறைந்தது. தோல் சுவருக்குத் தேவையான கொழுப்பு அதுதான் என்பதால் இதுவும் ஏற்கத்தக்கது.

ஆலிவ் எண்ணெய் வேண்டாம். குழந்தை மசாஜுக்கு உலகமெங்கும் பரிந்துரைக்கிறார்கள் என்றாலும், அதிலுள்ள ஒலிக் அமிலம் தோல் சுவரை இளக்குகிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸிமாவே வராத பெரியவர்களுக்கும் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவியதில் தோல் காப்பு குறைந்தது தெரிந்தது. கடுகு எண்ணெயும் எரிச்சலூட்டும்.

கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய், பால், முட்டை, மாவு. இவை ஒவ்வொன்றும் உணவு. வெடித்த தோலின் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு அதையே சாப்பிடும்போது ஒவ்வாமை வெடிக்கும். கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களை அழற்சித் தோலில் பூசியதற்கும் பின்னால் வந்த வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதை 2003-இல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. உணவு வாய் வழியாகத்தான் போக வேண்டும். புண்பட்ட தோலின் வழியாகப் போகக் கூடாது. தேங்காய் ஒவ்வாமை அரிதானது என்றாலும், அதற்கும் சோதனை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தாய்ப்பால். ஈரானில் கைக்குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், லேசான, நடுத்தர எக்ஸிமாவுக்குத் தாய்ப்பால் தடவியதன் பலன் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டுக்கு இணையாக இருந்தது. அதே ஆண்டில் நார்வேயில் நடந்த மிகச் சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அப்போதே பிழிந்த பாலைச் சில துளி தடவி, உலர்ந்ததும் மேலே மாய்ஸ்சரைசர் பூசினால் கெடுதல் இல்லை. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

கற்றாழை, கெமோமில், காலண்டுலா. கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும், ஆனால் வெடித்த தோலில் எரியும். மஞ்சள் பாலை நன்றாக வடித்துவிட வேண்டும். மற்ற இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள், ஒவ்வாமை தருபவை. கைக்குழந்தைக்கு மூன்றையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: தடவவே கூடாதவை

எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா, பூண்டு. இவற்றில் பூண்டு குழந்தைகளின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆப்பிள் சிடர் வினிகரில் ஊறவைப்பதைச் சோதித்த ஆய்வில் தோல் காப்பு கூடவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கற்பூரம் சேர்ந்த எந்த எண்ணெயும் தைலமும் கைக்குழந்தைக்கு ஆகாது. தோல் வழியாகவே உறிஞ்சப்பட்டு வலிப்பை உண்டாக்கக்கூடியது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அப்படிக் கொடுத்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். வாயில் விரலை வைக்கும் வயதில் கையில் தடவுவதும் உள்ளுக்குக் கொடுப்பதற்குச் சமம். டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களும் இந்த வயதுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் நாக்கில் படவே கூடாது. போட்டுலிசம் என்ற நரம்பு நோய்க்கு அது வழிவிடும். கையிலும் முகத்திலும் தேன் தடவினால் வாய்க்குப் போகாமல் இருக்காது. மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு என்றாலும் அரைத்துப் பூசினால் தோலை உலர்த்தும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

பெயர் தெரியாத "மூலிகைக் களிம்பு" பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பூசிய இரண்டாம் நாளே அற்புதமாகக் குணமாகிறது என்றால் மகிழ்ச்சி அடையாமல் சந்தேகப்படுங்கள். எக்ஸிமாவுக்காகக் கொடுக்கப்பட்ட 11 மூலிகைக் க்ரீம்களை பிரிட்டனில் பரிசோதித்து 1999-இல் வெளியிட்டபோது, 8 க்ரீம்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடிய பெற்றோர், அளவே தெரியாத வீரியமான ஸ்டீராய்டைக் குழந்தையின் முகத்தில் பூசியிருக்கிறார்கள். என்னென்ன சேர்ந்தது என்று அச்சிடாத எந்தப் பொருளும் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

படி 6: இரவு அரிப்பைச் சமாளிப்பது

மாலையில் உடல் சூடு சற்றே மாறுவதாலும், கவனத்தைத் திருப்ப வேறு எதுவும் இல்லாததாலும் அரிப்பு இரவில் கூடுகிறது. குளியலைத் தூங்கப் போகும் நேரத்துக்கு மாற்றுங்கள்: குளியல், பூச்சு, பால், தூக்கம் என்று தொடர்ந்து வரட்டும். அறை குளுமையாக இருக்கட்டும். நகத்தைக் குழந்தை தூங்கும்போது வெட்டி, ஓரத்தை ராவிவிடுங்கள். கைக்குப் பருத்தி உறை போடலாம். போடும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத் தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள், விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

குழந்தை விழித்துக்கொண்டு தேய்க்கும்போது "சொறியாதே" என்று கையைப் பிடிப்பதால் அழுகைதான் கூடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை அந்த இடத்தில் சில நிமிடம் வைத்து, எடுத்ததும் பூச்சைத் தடவுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த மாய்ஸ்சரைசர் நல்ல குளிர்ச்சி தரும்.

எக்ஸிமா கடுமையாக இருக்கும்போது ஈரத் துணிச் சுற்று பெரிதும் உதவும். நிறையப் பூசி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தி உடையை முதலில் போட்டு, மேலே உலர்ந்த உடையைப் போடுவார்கள். குழந்தைக்குக் குளிர் ஏறக்கூடும் என்பதால் மருத்துவரோ செவிலியரோ ஒரு முறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்யுங்கள். சீழ் இருக்கும்போது செய்யவே கூடாது. தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தை நீங்களாகக் கொடுப்பதும் கூடாது.

படி 7: துணி, வியர்வை, எச்சில்

தோலை ஒட்டிப் போடுவது மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். கம்பளியும் நைலானும் உரசும். விலை உயர்ந்த பட்டு உள்ளுடைகள் தேவையில்லை, 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அவற்றால் கூடுதல் நன்மை தெரியவில்லை. புதுத் துணியைத் துவைத்த பிறகே போடுங்கள். சலவைத் தூளைக் குறைத்து, ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள்.

வியர்த்தால் ஈரத்துணியால் ஒற்றி, உடையை மாற்றி, மீண்டும் பூசுங்கள். வீட்டுக்குள் புகைபிடிப்பதும் அறை வாசனைத் தெளிப்பான்களும் நிற்க வேண்டும்.

கன்னத்திலும் தாடையிலும் ஆறவே ஆறாத எக்ஸிமாவுக்குப் பெரும்பாலும் எச்சில்தான் காரணம். பல் முளைக்கும் வயதில் கேட்கவே வேண்டாம். பால் கொடுக்கும் முன்பும், உணவு ஊட்டும் முன்பும், தூங்க வைக்கும் முன்பும் வாயைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசுங்கள். ஊட்டியதும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மறுபடி பூசுங்கள். வாசனை சேர்த்த ஈரத் துடைப்புத் தாள்கள் முகத்துக்கு வேண்டாம். சில நாளிலேயே மாற்றம் தெரியும்.

படி 8: உணவில் அவசரப்பட வேண்டாம்

எக்ஸிமா வந்ததும் தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவின் தட்டிலிருந்து பாலும் முட்டையும் மீனும் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்கிறேன். அம்மாவுக்குப் பொதுவான பத்தியம் எதுவும் எக்ஸிமாவைக் குறைப்பதாகச் சான்று இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு பலவீனப்படுவதுதான் மிச்சம்.

உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு எக்ஸிமாவோடு கூடவே இருக்கும், குறிப்பாகக் கடுமையான எக்ஸிமா சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு. ஒரு உணவைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அது ஒவ்வாமையின் அறிகுறி; மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். சந்தேகம் இருந்தால் தேதியோடு குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நீண்ட நாள் ஒரு உணவை நிறுத்துவது வளர்ச்சியைக் கெடுக்கும். அந்த உணவுக்கே ஒவ்வாமை வரவும் வழிசெய்யும். கடுமையான எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், வேர்க்கடலையை முன்கூட்டியே சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. தவிர்த்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. எக்ஸிமா கடுமையாக இருந்தால், எப்போது, எந்த வடிவில் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். முழுக் கடலை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நன்மை தரும் நுண்ணுயிர்கள் கொண்ட புரோபயாடிக் துளிகள், ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற செடியின் விதை எண்ணெய் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்ததில், எக்ஸிமாவைக் குணப்படுத்துவதில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. விட்டுவிடலாம்.

படி 9: இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால்

மேலே சொன்னதை எல்லாம் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு குழந்தையைத் தூங்கவிடவில்லை என்றால் மருந்து வேண்டும். இதில் தோல்வி எதுவும் இல்லை. எரியும் அழற்சியை மாய்ஸ்சரைசரால் மட்டும் அணைக்க முடியாது. மருத்துவர் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் தருவது 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிக மென்மையான ஸ்டீராய்டு. சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் தோல் மெலிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. பயந்து பயந்து அரைகுறையாகப் பூசினால்தான் எக்ஸிமா அடங்காமல் இழுத்து, கடைசியில் மருந்து அதிகம் செலவாகும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஸ்டீராய்டுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் இடையே சுமார் இருபது நிமிடம் விடுங்கள். வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த க்ரீமையும், கடையில் கேட்டு வாங்கிய மூன்று மருந்து கலந்த டியூபையும் குழந்தைக்குப் பூசவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது பயன்படுத்திய எல்லாவற்றையும், எண்ணெய் உட்பட, எடுத்துக்கொண்டு போங்கள். மோசமாக இருந்த நாளில் எடுத்த புகைப்படமும் இருக்கட்டும். காட்டப் போகும் அன்று பார்த்துத் தோல் நன்றாக இருக்கும்.

படி 10: அடங்கிய பிறகு

தோல் மென்மையானதும் பூச்சை நிறுத்திவிடுவதால்தான் பத்தே நாளில் மறுபடி தொடங்குகிறது. எக்ஸிமா கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் உடல் முழுவதும் பூச வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் ஒரே முறையில் செய்யும்படி, காலையில் என்ன, இரவில் என்ன, எந்தச் சோப்பு கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் குளியலறையில் ஒட்டிவிடுங்கள். தடுப்பூசிகளை எக்ஸிமாவுக்காகத் தள்ளிப்போடக் கூடாது, அட்டவணைப்படியே போடலாம்.

ஆறிய இடங்கள் வெளுத்தோ கருத்தோ தெரியும். வெளுத்ததைப் பார்த்து வெண்குஷ்டமோ என்று பயப்படுபவர்கள் பலர். அது வெண்குஷ்டம் அல்ல. அழற்சி நிறமிகளைக் கலைத்துவிட்டுப் போன தடம். அதற்கென்று தனிக் க்ரீம் எதுவும் வேண்டாம். பூச்சைத் தொடர்ந்து, எக்ஸிமா திரும்பாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் நிறம் தானாகவே கலந்துவிடும். வெளுப்பு பால் வெள்ளையாகி, விளிம்பு தெளிவாகத் தெரிந்து, பரவிக்கொண்டே போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.